"ஸ்மார்ட் கேஷுவல்" என்றால் என்ன உடுத்துவது? அலுவலக உடை விதிகளும் நம் உடைகளும்

புதிய வேலையில் சேர்வோருக்குக் கிடைக்கும் பணியாளர் கையேட்டில் உடை பற்றிப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "உடை: ஸ்மார்ட் கேஷுவல்." குர்தா போடலாமா, மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமா, சேலை கட்டினால் மிகையாகத் தெரியுமா? இவற்றுக்கு அந்த வரியில் பதில் கிடையாது. 2025 ஜனவரி 8ஆம் தேதி சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறிய பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: இன, சமய அடையாளங்களை வேண்டாம் என்று சொல்ல முதலாளிக்கு உரிமை உண்டா?

முதல் வகைக் கேள்விகள் ரசனையைச் சேர்ந்தவை. கடைசிக் கேள்வி உரிமையைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால், விதி கேட்காததையும் பலர் தாமாகவே விட்டுக்கொடுக்கிறார்கள். விதி எதைக் கேட்கிறது என்று தெரிந்துகொண்டால், மிச்சமிருக்கும் இடம் எவ்வளவு பெரியது என்பதும் தெரியும்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன

"ஸ்மார்ட் கேஷுவல்", "பிஸ்னஸ் கேஷுவல்" ஆகியவற்றுக்கு எந்தச் சட்டத்திலும் பொருள் வரையறை இல்லை. ஹவாயில் 1966இல் தொடங்கிய "அலோஹா வெள்ளி" என்ற வழக்கம், வெள்ளிக்கிழமைகளில் பூப்போட்ட சட்டையுடன் அலுவலகம் செல்ல வழிவிட்டது. அது அமெரிக்கப் பெருநிலத்துக்குப் பரவியபோது எது சரி, எது தவறு என்று மனிதவள அதிகாரிகளுக்கே தெரியவில்லை. 1992இல் லீவைஸ் நிறுவனம், தன் டாக்கர்ஸ் கால்சட்டைகளை மனத்தில் வைத்து ஒரு வழிகாட்டிக் கையேடு அச்சிட்டு ஏறக்குறைய 25,000 மனிதவள அதிகாரிகளுக்கு அனுப்பியது. இன்று நாம் "அலுவலக உடை" என்று நம்பும் காக்கிக் கால்சட்டை, காலர் வைத்த சட்டை என்ற சோடி பரவியதில் அந்தக் கையேட்டுக்குப் பெரும் பங்குண்டு.

ஜப்பானிய அரசாங்கம் 2005இல் "கூல் பிஸ்" என்ற இயக்கத்தைத் தொடங்கிக் குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வைக்கச் சொன்னது. டையும் கோட்டும் தேவையில்லை என்றது. முதலீட்டு வங்கியான கோல்டுமன் சாக்ஸ்கூட 2019 மார்ச்சில் எல்லா ஊழியருக்கும் விதியைத் தளர்த்தியது. ஆக, இந்த விதிகள் வெப்பநிலைக்கும் வணிகத்துக்கும் ஏற்ப மாறிவருபவை. அவற்றைக் கல்வெட்டாக எண்ண வேண்டியதில்லை.

சிங்கப்பூர் அலுவலகங்களில் நடைமுறையில் அவை உணர்த்தும் பொருள் இது:

1. பிஸ்னஸ் ஃபார்மல்: ஒரே துணியில் கோட்டும் கால்சட்டையும் அல்லது பாவாடையும். ஆண்களுக்கு டை. வழக்கறிஞர்கள், பெரிய வாடிக்கையாளர் சந்திப்புகள், இயக்குநர் குழுக் கூட்டங்கள்.
2. பிஸ்னஸ் கேஷுவல்: காலர் சட்டை அல்லது ஒழுங்கான மேலாடை, ஜீன்ஸ் அல்லாத கால்சட்டை, மூடிய காலணி. டை வேண்டாம், கோட் விருப்பம்.
3. ஸ்மார்ட் கேஷுவல்: மேலே சொன்னதில் ஓர் உறுப்பு தளரலாம். கறுநீல ஜீன்ஸ் போட்டால் சட்டையும் காலணியும் ஒழுங்காக இருக்க வேண்டும். டி-சட்டை போட்டால் மேலே பிளேசர் வேண்டும். இரண்டு உறுப்புகள் ஒரே நாளில் தளர்ந்தால் "கேஷுவல்" மட்டும்தான் மிஞ்சும்.

விருந்து அழைப்பிதழில் "லவுன்ஜ் சூட் (கோட்டும் டையும் உள்ள சூட்) அல்லது தேசிய உடை" என்று இருந்தால் சேலையும் கழுத்து மூடிய பந்த்கலா கோட்டும் சூட்டுக்குச் சமமான தகுதி பெறும். தயங்கவே வேண்டாம்.

பார்ப்பவர் கண் எதை அளக்கிறது

விதி வாக்கியமாக எழுதப்பட்டாலும், அதைக் கடைப்பிடிக்கிறோமா என்று மேலாளர் கண்ணால்தான் அளக்கிறார். அந்தக் கண் ஐந்து இடங்களைப் பார்க்கும்.

1. கழுத்து. காலர் அல்லது விளிம்பு நிமிர்ந்து நிற்கிறதா, தொய்கிறதா.
2. தோள். தோள்பட்டைத் தையல் தோள் எலும்பின் முனையில் விழுகிறதா.
3. ஓரங்கள். கை, அடிவிளிம்பு, கால்சட்டை மடிப்பு எங்கே முடிகின்றன.
4. துணியின் மேற்பரப்பு. பளபளப்பு, சாயம் போன வெளிறல், பெரிய எழுத்து, கசங்கல்.
5. காலணி. மூடியதா, துடைத்ததா, குதி தேய்ந்ததா.

இந்த ஐந்தில் குறைந்தது நான்கு சரியாக இருந்தால், உடையின் பெயர் என்ன என்பது பின்னுக்குப் போய்விடும். குர்தாவை எடுத்துக்கொள்வோம். அதன் நின்ற கழுத்துப்பட்டை காலருக்கு நிகரானது. முதல் சோதனையில் தேறிவிடும். சிக்கல் மூன்றாவதில் வருகிறது. முழங்காலைத் தொடும் 40 அங்குலக் குர்தா விழா உடையாகத் தெரியும். அதே துணியை 29 முதல் 31 அங்குல நீளத்தில், நேரான அடிவிளிம்புடன் தைத்தால் 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். வெளியே விட்டு அணியும் சட்டையாகவே கண் அதை ஏற்கும். மார்பில் வேலைப்பாடு வேண்டாம், பொத்தான் பட்டை போதும். கீழே பைஜாமாவுக்குப் பதில் இஸ்திரி மடிப்புள்ள கால்சட்டை. பிஸ்னஸ் கேஷுவல் அலுவலகம் எதிலும் இதற்கு மறுப்பு வருவது அரிது.

பெண்களின் குர்த்தியில் தவறு நேர்வது பக்கவாட்டு வெட்டில். கடையில் வாங்கும் பல குர்த்திகளில் வெட்டு இடுப்பிலேயே தொடங்கிவிடும். மேலே கைநீட்டிக் கோப்பை எடுக்கும்போது பக்கவாட்டில் இடைவெளி தெரியும். இரு பக்கமும் 2 முதல் 3 அங்குலம் கீழிறக்கித் தைத்துவிட்டால் அந்த உடையின் தோற்றமே மாறிவிடும். கால்மணி நேர வேலைதான்.

ஒரே நாளில் இரண்டு தட்பவெப்பம்

சிங்கப்பூரில் அலுவலக உடை பெரும்பாலும் தோற்றுப்போவது ரசனையால் அல்ல, துணியால். இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

வெளியே பகல் உச்ச வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 31, 32 டிகிரி செல்சியஸ். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். உள்ளே, சிங்கப்பூரின் உட்புறக் காற்றுத் தர விதிமுறையான எஸ்எஸ் 554 பரிந்துரைப்பது 24 முதல் 26 டிகிரி. பொதுத் துறை அலுவலகங்கள் 25 டிகிரிக்குக் குறையாமல் வைக்கின்றன. தனியார் கட்டடங்கள் பலவற்றில் அதற்கும் கீழே போவதுண்டு. குளிர்காற்று வரும் துவாரத்துக்கு நேர்கீழே இருக்கை அமைந்தால் இன்னும் குளிரும். ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்து வருபவர் வியர்வையோடு அந்தக் குளிருக்குள் நுழைகிறார். எட்டு மணி நேரம் அங்கேயே அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ஓர் உடை இரண்டையும் தாங்க வேண்டும்.

உடை தரும் வெப்பக்காப்பை அளக்க "குளோ" என்ற அலகு உண்டு. கால்சட்டையும் அரைக்கைச் சட்டையும் 0.57 குளோ. முழுக்கையானால் 0.61. அதன்மேல் சூட் கோட் சேர்ந்தால் 0.96. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு ஒவ்வொரு 0.1 குளோவும் ஏறக்குறைய 0.6 டிகிரி வெப்பநிலை மாற்றத்துக்கு ஈடு. அப்படியானால் ஒரு கோட் மட்டும் 2 டிகிரி குளிரைத் தாங்கும். அரைக்கைக்கும் முழுக்கைக்கும் உள்ள வேறுபாடு கால் டிகிரிதான். "முழுக்கை போட்டால் வெந்துவிடும்" என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. முழுக்கைச் சட்டை போட்டு வந்து, குளிருக்கு ஒரு மேலாடையை நாற்காலியிலேயே வைத்துக்கொள்வது இந்த ஊருக்கு ஏற்ற கணக்கு.

அடுத்து, நூல். ஒவ்வோர் இழையும் காற்றிலிருந்து தன்னுள் இழுத்து வைத்துக்கொள்ளும் ஈரத்தின் அளவு வேறுபடும். பருத்தி தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு, லினன் 12, விஸ்கோஸ் (ரேயான்) 11 முதல் 13, கம்பளி 13 முதல் 16, பாலியஸ்டர் வெறும் 0.4. பாலியஸ்டர் சட்டை உடலில் ஒட்டுவதும் அதில் வாடை தங்குவதும் இதனால்தான்: வியர்வை துணிக்குள் போகாமல் தோலுக்கும் துணிக்கும் இடையிலேயே நிற்கிறது. விளையாட்டு உடைகளில் அதே பாலியஸ்டர் நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், இழைகளுக்கு இடையே ஈரம் பரவும்படி பின்னப்பட்ட அமைப்பு.

பருத்தியே எல்லாவற்றுக்கும் விடை என்று முடிவுகட்டுவதும் தவறு. பருத்தி வியர்வையைக் குடிக்கும், ஆனால் மெதுவாகத்தான் உலரும். நனைந்த பருத்திச் சட்டையுடன் 23 டிகிரி அறைக்குள் போனால் முதுகு சில்லென்று ஆவது அதனால்தான். இதற்குத் தீர்வுகள்:

1. உள்பனியன். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் வெளியே தெரியும். தோல் நிறத்துக்கு நெருக்கமான பழுப்பு அல்லது சாம்பல் தெரியாது. நடந்து வந்ததும் மாற்றிக்கொள்ள இன்னொன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.
2. துணியின் எடை. சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள். சட்டைக்கு 100 முதல் 130 வரை ஏற்றது. 90க்குக் கீழே போனால் ஊடுதெரியும். உள்துணி வைக்க வேண்டிவரும், அப்போது மெல்லிய துணி வாங்கியதன் பயனே போய்விடும்.
3. மெல்லிய கம்பளிக் கால்சட்டை. "டிராபிகல் உல்" என்று கேட்டால் தையற்கடைகளில் காட்டுவார்கள். 200 முதல் 260 ஜிஎஸ்எம். கம்பளி என்றதும் பலர் விலகுகிறார்கள்; ஆனால் தளர நெய்த மெல்லிய கம்பளி காற்றோட்டம் உள்ளது, கசங்காது, இரவில் தொங்கவிட்டால் சுருக்கம் தானாகவே போய்விடும். நல்ல கால்சட்டை ஒன்று வாங்க நினைப்பவருக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைக்க வேண்டும்.
4. லினன். வெயிலுக்கு மிகச் சிறந்தது, கசங்குவதில் மிக மோசமானது. 55 விழுக்காடு லினன், 45 விழுக்காடு பருத்தி போன்ற கலப்பு நடுவழி.

கோட் வாங்குவோர் வெளித்துணியை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுவதுண்டு. வெளியே கம்பளி என்று எழுதியிருக்கும், உள்ளே முழுக்கப் பாலியஸ்டர் லைனிங் (உள்துணி). அது பிளாஸ்டிக் பைக்குள் கம்பளி வைத்ததற்குச் சமம். அரை லைனிங் உள்ளதைக் கேளுங்கள். முதுகில் பாதிக்குக் கீழ் லைனிங் இருக்காது, காற்று போகும்.

நிறத்துக்கும் இதில் பங்குண்டு. வியர்வைக் கறை மிகத் தெளிவாகத் தெரிவது நடுத்தரச் சாம்பலிலும் வெளிர்நீலத்திலும். வெள்ளை, கருநீலம், சிறு கட்டங்கள், நெருக்கமான அச்சு ஆகியவை மறைக்கும். எம்ஆர்டி ரயிலில் ஒரு மணி நேரம் பயணம் செய்பவர் வெளிர்நீலச் சட்டையை, அன்று காலை யாரையும் சந்திக்க வேண்டியதில்லை என்றால் மட்டும் எடுக்கலாம்.

கடையிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள்: துணியின் ஓரத்தைப் பத்து விநாடி கையில் கசக்கிப் பிடித்து விடுங்கள், கோடுகள் நின்றுவிட்டால் மதியத்துக்குள் மடியெல்லாம் சுருங்கும். விளக்கை நோக்கித் தூக்கிப் பிடியுங்கள், விரல்களின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் வேண்டாம். போட்டுப் பார்க்கும் அறையில் உட்காருங்கள். நின்று மட்டும் பார்ப்பதால் அலுவலக உடையின் பாதிக் குறைகள் தெரியாமல் போகின்றன. பொத்தான்களுக்கு இடையே வாய் திறக்கிறதா, கால்சட்டை பின்னால் இறங்குகிறதா, பாவாடை எவ்வளவு மேலேறுகிறது என்பதெல்லாம் உட்கார்ந்தால்தான் தெரியும்.

தையற்காரர் எதை மாற்ற முடியும்

ஆயத்த உடைகள் ஒரு சராசரி உடலுக்காக வெட்டப்பட்டவை. தேக்கா நிலையத்தின் இரண்டாம் மாடியிலும் பீப்பிள்ஸ் பார்க் வட்டாரத்திலும் உள்ள தையற்கடைகளில் சிறு மாற்றம் செய்துகொண்டால், மலிவான சட்டையும் விலையுயர்ந்ததுபோல் நிற்கும். எதை மாற்றலாம், எதை முடியாது என்பதை வாங்கும் முன்பே அறிந்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

எளிதில் முடிபவை: கால்சட்டை நீளம், இடுப்பை 1 முதல் 1.5 அங்குலம் வரை கூட்டுவதும் குறைப்பதும் (கூட்ட வேண்டுமானால் உள்ளே தையலில் மிச்சத் துணி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்), சட்டையின் பக்கவாட்டை ஒடுக்குவது, முதுகில் இரண்டு டார்ட் (துணியை ஒடுக்கும் மடிப்புத் தையல்) பிடிப்பது. ஓரளவு முடிவது: கை நீளம். மணிக்கட்டுப் பட்டையைப் பிரித்துத் தைப்பதால் 1 அங்குலத்துக்கு மேல் போனால் பொத்தான் பிளவு மிகக் குட்டையாகிவிடும். முடியாது என்றே வைத்துக்கொள்ள வேண்டியது: தோள். தோள்பட்டை அரை அங்குலம் இறங்கியிருந்தாலும் அதைச் சரிசெய்யக் கையையே பிரித்துத் திரும்பப் பொருத்த வேண்டும். எனவே உடை வாங்கும்போது தோளுக்குப் பொருந்துவதை எடுங்கள், மற்றதைத் தையலுக்கு விடுங்கள்.

பருத்தி, விஸ்கோஸ் உடைகளை ஒருமுறை துவைத்த பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும். துவைக்காமல் நீளம் வெட்டிய கால்சட்டை முதல் சலவையிலேயே கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அலுவலகத் தையல் வேலைகளைக் கொண்டுபோகாதீர்கள், ரவிக்கைகள் குவிந்திருக்கும்.

சேலை: நாள் முழுவதும் நிற்பதற்கு

அலுவலகத்துக்குச் சேலை கட்ட விரும்பும் பலர் அதை விழா நாளுக்கென ஒதுக்கிவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் விதி அல்ல, எட்டு மணி நேரம் அது நிற்காது என்ற அச்சம். அந்த அச்சத்துக்குத் தீர்வு உண்டு.

துணியில் தொடங்க வேண்டும். செட்டிநாட்டுப் பருத்தி கனமானது, கஞ்சி போட்டால் விறைத்து நிற்கும்; வேகமாக நடக்க இடைஞ்சல். மங்களகிரிப் பருத்தியும் லினன் சேலையும் உடலோடு படியும், மெல்லிய சரிகைக் கரையோடு அலுவலகத்துக்கு அடக்கமாக இருக்கும். மதுரைச் சுங்குடி இதமானது, ஆனால் சாயம் போகும். முதல் இரண்டு சலவை வரை வெளிர்நிற நாற்காலியில் உட்கார வேண்டாம். பளபளக்கும் செயற்கைப் பட்டு கூடவே கூடாது: மின்விளக்கில் மேற்பரப்பு மின்னும், குளிர்சாதனத்தின் உலர்ந்த காற்றில் காலோடு ஒட்டும்.

கட்டும் முறை:

1. அன்று போடப்போகும் காலணியை முதலில் போட்டுக்கொண்டு கட்டத் தொடங்குங்கள். அடிவிளிம்பு தரையிலிருந்து முக்கால் அங்குலம் மேலே நிற்கட்டும். எம்ஆர்டி நிலையங்களின் மின்படிகள் நொடிக்கு 0.75 மீட்டர் வேகத்தில் ஓடக்கூடியவை. தரையைத் தொடும் சேலை அங்கு ஆபத்து. மின்படியில் ஏறும்போது கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.
2. உள்பாவாடையின் நாடாவை விட அகலமான பட்டை உள்ளதே நல்லது. நாடா இடுப்பை அறுக்கும், மதியத்தில் தளர்த்தினால் கொசுவம் இறங்கும்.
3. மூன்று ஊக்குகள் போதும். ஒன்று தோளில், முந்தானை மடிப்பை ரவிக்கையின் உட்பக்கத்திலிருந்து குத்தியது. ஒன்று கொசுவத்தைச் செருகிய இடத்துக்கு 2 அங்குலம் கீழே. ஒன்று மார்புக்குக் கீழே முந்தானையின் உள்விளிம்பை ரவிக்கையோடு சேர்த்து. ஊக்கின் சுருளில் துணி சிக்கிக் கிழியாமலிருக்க ஒரு சிறு மணியைக் கோத்துக்கொள்ளுங்கள்.
4. முந்தானை பின்னால் முழங்கால் உயரத்துக்கு மேல் முடியட்டும். நீளமாக விட்டால் அலுவலக நாற்காலியின் உருளையில் மாட்டிக் கிழியும்.
5. ரவிக்கைக்கு முழங்கைக்குச் சற்று மேல்வரை கையும், முதுகுப் பக்கம் மூடிய கழுத்தும் வைத்துத் தைத்தால் மேலே மெல்லிய பிளேசர்கூடப் போடலாம். சட்டைக் காலர் வைத்த ரவிக்கை பிஸ்னஸ் ஃபார்மலுக்கும் தாங்கும்.

தென்கிழக்காசியாவில் பாரம்பரிய உடைக்கு வேலையிடத்தில் இடம் இல்லை என்பது உண்மையல்ல. இந்தோனேசிய அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை பாத்தேக் வழக்கமாகிவிட்டது. சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்த கெபாயா, 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. நம் நெசவு மட்டும் ஏன் ஆண்டுக்கொருமுறை அலமாரியிலிருந்து இறங்க வேண்டும்?

எங்கே உங்கள் கையொப்பம் விழலாம்

கழுத்து முதல் காலணி வரை அந்த ஐந்து இடங்களும் ஒழுங்காக இருக்கும்போது ஓர் இடத்தில் மட்டும் வழக்கத்துக்கு மாறானது வைக்கலாம். அந்த ஓர் இடம் கண்ணில் பதியும். மூன்று இடங்களில் வைத்தால் எதுவும் பதியாது.

நிறத்திலிருந்து தொடங்குவது எளிது. இங்குள்ள கடைத்தொகுதிகளின் அலுவலக உடைப் பிரிவுகளில் மணல்நிறமும் வெளிர்சாம்பலும் குவிந்து கிடக்கும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அவை முகத்தைச் சோர்வாகக் காட்டும். அரக்கு, மயில்கழுத்து, கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள் போன்ற ஆழ்ந்த நிறங்கள் அந்தத் தோலில் நன்றாக எடுக்கும். கருநீலக் கால்சட்டையோடு அரக்குச் சட்டை எந்த உடை விதியையும் மீறுவதில்லை. காணொளிக் கூட்டம் இருக்கும் நாளில் மிக நெருங்கிய மெல்லிய கோடுகளைத் தவிர்க்க வேண்டும். கேமராவில் அவை அலையாக நெளியும்.

நகையில் அளவைவிட ஒலி முக்கியம். கண்ணாடி வளையல்கள் விசைப்பலகையில் தட்டுப்படுவதை மைக் பெரிதாக்கி எல்லோருக்கும் கேட்கவைக்கும். ஒரே ஒரு தங்க வளையல் அல்லது தோல்பட்டைக் கடிகாரம் அமைதியானது. ஜிமிக்கி போடலாம், ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள சிறியது ஹெட்செட்டில் மாட்டாது. பொட்டு, மூக்குத்தி, திருநீறு ஆகியவற்றுக்குப் பெரும்பாலான கையேடுகளில் தடையே இருப்பதில்லை. "ஏதாவது சொல்வார்களோ" என்ற எண்ணத்தில் காலையில் கண்ணாடி முன் நின்று அழித்துவிட்டுப் போக எந்த விதியும் கேட்கவில்லை.

ரசனை முடிந்து உரிமை தொடங்கும் இடம்

தலைத்துண்டு, தலைப்பாகை, திருநீறு, தாலி போன்றவை பலருக்கு அலங்காரம் அல்ல. இவற்றை ரசனைக் கணக்கில் வைத்துப் பேரம் பேசக் கூடாது. தற்போதைய நிலை இப்படி:

நியாயமான வேலை நியமன நடைமுறைகளைக் கவனிக்கும் முத்தரப்பு அமைப்பான டாஃபெப்பின் நிலைப்பாடு, சமய உடை பொதுவாக வேலையிடத்தில் அனுமதிக்கப்பட வேண்டும் என்பது. வேலையின் தன்மைக்கு ஏற்ற சீருடை, செயல்பாடு, பாதுகாப்பு ஆகிய காரணங்கள் இருந்தால் முதலாளி கட்டுப்பாடு விதிக்கலாம். பொதுச் சுகாதாரத் துறையில் நீண்டகாலம் இருந்த கட்டுப்பாடு ஒன்றை அன்றைய பிரதமர் லீ சியன் லூங் 2021 தேசிய தினப் பேரணி உரையில் நீக்கினார். அவ்வாண்டு நவம்பர் 1 முதல் முஸ்லிம் தாதியர் சீருடையுடன் தலைத்துண்டு அணியலாம் என்றானது.

வேலையிட நியாயச் சட்டம் வேலைக்கு எடுத்தல், பதவி உயர்வு, பணிநீக்கம் போன்ற முடிவுகளில் இனம், சமயம், மொழி, வயது, பாலினம் உள்ளிட்ட பண்புகளால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. தகராறுகளைத் தீர்க்கும் நடைமுறைக்கான இரண்டாம் மசோதா 2025 நவம்பரில் நிறைவேறியது. 2027 இறுதியில் இரண்டும் நடப்புக்கு வரும் என்பது அரசாங்கத்தின் திட்டம். 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. இந்தச் சட்டம் உடை விதிகளை ரத்து செய்துவிட்டது என்று பரவும் பேச்சை நம்ப வேண்டாம். ஜீன்ஸ் கூடாது, பச்சை குத்தியது தெரியக் கூடாது என்பவை ரசனை சார்ந்த விதிகள். அவற்றை வகுக்க முதலாளிக்கு இடம் இருக்கிறது.

பாதுகாப்பு என்ற காரணத்தை மட்டும் வாதமின்றி ஏற்க வேண்டும். துவாஸ், ஜூரோங் பகுதித் தொழிற்கூடங்களில் சுழலும் இயந்திரத்தருகே துப்பட்டா, தொங்கும் தாலிச் சங்கிலி, மோதிரம் எதுவும் இருக்கக் கூடாது. அலுவலகத்தில் வேலை செய்தாலும் தளத்துக்கு இறங்கும் நாளில் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டு மேலே பொத்தானிட்டுக்கொள்ள வேண்டும். சில தளங்களில் முற்றிலும் கழற்றச் சொல்வார்கள்.

மனிதவளப் பிரிவிடம் கேட்பது எப்படி

"குர்தா போடலாமா?" என்று பொதுவாகக் கேட்டால், கேட்கப்படுபவர் மனத்தில் திருமணக் குர்தா வரும், "வேண்டாம்" என்பார். உடையை வருணித்துக் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் மூன்று வாக்கியம் போதும்: கையேட்டின் எந்த வரியைப் பற்றிக் கேட்கிறீர்கள்; நீங்கள் அணிய விரும்புவது என்ன (நிறம், நீளம், கழுத்து, எதனோடு அணிவீர்கள்); எந்த நாள்களில், வாடிக்கையாளர் சந்திப்பிலும் அணியலாமா. ஒரு புகைப்படத்தையும் இணையுங்கள்.

சமயம் சார்ந்ததென்றால் அதை அப்படியே சொல்லுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் சீருடையா, செயல்பாடா, பாதுகாப்பா, எது காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். மூன்றில் எதையும் சொல்ல முடியாவிட்டால் டாஃபெப்பிடம் ஆலோசனை கேட்கலாம். வாய்மொழியாகக் கிடைத்த அனுமதியை அன்றே ஒரு சிறு மின்னஞ்சலில் "நாம் பேசியபடி" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். மேலாளர்கள் மாறுவார்கள், புதியவர் வந்து கேட்கும்போது காட்ட அந்த மின்னஞ்சல் வேண்டும்.